உதவி கேட்டு வருபவனுக்கு டி.சி. கொடுக்காதீர்கள்

ஆகஸ்ட் மாதம் வந்தால் எங்கள் கல்லூரி மைதானத்தில் வரிசையாக நின்று, வலது கையை நீட்டி, போதைப் பொருளுக்கு எதிரான உறுதிமொழி எடுக்கிறோம். 2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழக அரசு இதை மாநிலம் முழுவதும் தொடங்கியபோது நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அன்றும் எடுத்தேன், அதற்குப் பிறகும் எடுத்துவருகிறேன். மனதாரத்தான் எடுக்கிறேன். ஆனால் அந்த மைதானத்தில் நிற்கும் சில நூறு பேரில் ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். மறுநாள் காலையில் அவர்கள் என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும், போய்ச் சொன்னால் கல்லூரி வைத்துக்கொள்ளுமா வெளியே அனுப்பிவிடுமா என்பதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. அதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் பி.பார்ம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தங்கியிருப்பது ஆரப்பாளையத்தில் தாய்மாமா வீட்டில். மாமா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். கல்லூரி விட்டு வந்து டீ குடித்ததும் கடைக்குப் போய்விடுவேன். பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, காலாவதித் தேதி நெருங்கியவற்றைத் தனியே எடுத்து வைப்பது என் வேலை. புத்தகத்தில் படிப்பதை அந்தக் கல்லாப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

சில மருந்து அட்டைகளின் இடது மேல் மூலையில் சிவப்பில் ஆர்எக்ஸ் குறி இருக்கும். அதன் கீழே சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். ஷெட்யூல் எச்1 மருந்துகள் அவை. மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. பரீட்சைக்காக நாங்கள் மனப்பாடம் செய்யும் விதி இது. மாமா கடையில் அது நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. பேனா அதோடு நூலில் கட்டித் தொங்கும்.

ஏழு மணிக்கு மேல் சில பையன்கள் வருவார்கள். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் வந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். உணவு டெலிவரி பையைத் தோளில் இருந்து இறக்கக்கூட இல்லை. ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். தெரியாதவர்களுக்குத் தெரியப்படுத்தும் காரியத்தை நான் செய்ய வேண்டியதில்லை.

"யாருக்குப்பா?" என்று மாமா கேட்டார்.

"அம்மாவுக்குண்ணே. முதுகு வலி."

"சீட்டு?"

"போன்ல இருக்குண்ணே." வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைக் காட்டினான். தேதி இருந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அம்மாவக் கூட்டிட்டு வா, நான் பிரஷர் பாத்து, வேற மருந்து இருந்தா சொல்றேன். இல்ல, டாக்டர்கிட்ட புதுச் சீட்டு வாங்கிட்டு வா. இத வச்சுத் தர முடியாதுப்பா."

அவன் போகவில்லை. மாத்திரை இல்லாவிட்டால் சிரிஞ்சு மட்டுமாவது தாருங்கள் என்றான். முதுகு வலிக்குச் சிரிஞ்சு எதற்கு என்று மாமா கேட்கவில்லை. அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். அது ஏன் உயிரைக் குடிக்கிறது என்பதை மட்டும் யாரும் பையன்களிடம் விளக்கிச் சொல்வதில்லை. எனக்கு அது பார்மசூட்டிக்ஸ் லேபில் புரிந்தது. மாத்திரை என்றால் முழுவதும் மருந்து என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். நாங்கள் லேபில் செய்யும்போது மருந்துத் தூளோடு லாக்டோஸ் சேர்ப்போம், ஸ்டார்ச் பசை ஊற்றிப் பிசைவோம், சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கி உலர்த்துவோம். கடைசியில் டால்க்கும் மெக்னீசியம் ஸ்டீரேட்டும் தூவிக் கலந்தால்தான் இயந்திரத்தின் அச்சில் ஒட்டாமல் மாத்திரை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். விரலில் எடுத்துத் தேய்த்தால் டால்க் வழவழவென்று இருக்கும். தண்ணீரில் போட்டால் கரையாது, அடியில் படியும். வாய் வழியாகப் போனால் வயிறும் குடலும் அதைப் பார்த்துக்கொள்ளும். நரம்பு வழியாகப் போனால் இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. அப்படிக் கட்டிக் கட்டி நுரையீரல் இறுகிப்போகிறது. சுத்தமில்லாத ஊசி வழியே போகும் கிருமி இதய வால்வில் குடியேறுகிறது. ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் வருகின்றன.

இதெல்லாம் மெதுவாகக் கொல்வது. உடனே கொல்வது அந்த மருந்தே. அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்துகள் மூளைத்தண்டில் மூச்சைக் கவனித்துக்கொள்ளும் பகுதியை மந்தமாக்குகின்றன. அளவு மீறினால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு, இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழகப் பழக உடம்பு கூடுதல் அளவைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. நிறுத்திவிட்டு, பிறகு ஒருநாள் சபலப்பட்டுப் பழைய அளவையே எடுப்பவன்தான் அதிகம் சாகிறான். திருந்தப் பார்த்தவன் சாகிறான். மேடையில் காட்டும் மண்டை ஓட்டுப் படத்தில் இந்தத் தகவல் இல்லை.

அந்தப் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயமுறுத்தினால் மாணவர்கள் விலகிவிடுவார்கள் என்ற நம்பிக்கை பெரியவர்களிடம் உறுதியாக இருக்கிறது. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் டேர் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சீருடையில் போலீஸ்காரர்கள் வகுப்பறைக்கே வந்து பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. பின்னால் பல ஆய்வாளர்கள் தனித்தனியே அளந்து பார்த்தபோது, அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ஒருமுறை தொட்டால் வாழ்க்கையே முடிந்தது என்று சொல்லி வைக்கிறோம். ஒருவன் ஒருமுறை கஞ்சா இழுக்கிறான், மறுநாள் வகுப்புக்கும் வருகிறான், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நாம் சொன்ன மற்ற எல்லாமும் பொய் என்று முடிவு கட்டிவிடுகிறான். அதில் உண்மையான எச்சரிக்கைகளும் சேர்ந்து போகின்றன. பிள்ளைகளிடம் உண்மையை அதன் அளவோடு சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தான். கபடியில் ரைடுக்குப் போனால் கைதட்டல் அடங்காது. நான் பிளஸ் டூவில் உறுதிமொழி எடுத்த அதே மைதானத்தில் அவனும் கை நீட்டினான். சில மாதம் கழித்து அவன் பையைச் சோதித்தபோது உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலம் இருந்தது. அப்பா அம்மாவை வரச் சொன்னார்கள், மற்ற பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்றார்கள், டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். அவன் அம்மா களை எடுத்துவிட்டு அப்படியே வந்து நின்றதை நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். வேறு பள்ளியில் சேரவில்லை. மதுரைக்கு வந்து டூவீலர் ஒர்க் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே கஞ்சா, அதற்குப் பிறகு மாத்திரை.

டி.சி. கொடுத்ததால்தான் அவன் அப்படி ஆனான் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைக் கூப்பிட்ட ஒரே இடம் அந்தப் பள்ளி. பிறகு அவன் வந்தானா வரவில்லையா என்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போயிற்று. இது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

சென்ற ஆண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவனைச் சேர்த்திருந்தார்கள். அம்மா போன் செய்து, "ஊர்க்காரப் புள்ள, ஒரு எட்டு பாத்துட்டு வா" என்றாள். போனேன். பாயில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கை லேசாக நடுங்கியது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கபடி பேசினோம். பிறகு அவனாகவே தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினான்.

அங்கே இருக்கும் கவுன்சலர் கொடுத்த நோட்டு. எப்போதெல்லாம் ஆசை வருகிறதோ அப்போது அதில் எழுத வேண்டும். என்ன நேரம், எந்த இடம், கூட யார், கடைசியாக என்ன சாப்பிட்டோம், அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது. கோணல் மாணலான எழுத்தில் அவன் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னான். வார்டுக்கு வருவதற்கு முந்தைய நாட்களையும் நினைவிலிருந்து எழுத வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சம்பளம், சாயங்காலம் ஆறு மணி, மதியம் சாப்பிடவில்லை, முதலாளி எல்லார் முன்னாலும் திட்டினார், பாலத்துக்குக் கீழே கூட்டாளிகள். அடுத்த சனிக்கிழமையும் ஏறக்குறைய அதே வரிகள். அதற்கு அடுத்ததும்.

"எனக்கு எப்பப் பாத்தாலும் தோணுதுனு நெனச்சுட்டு இருந்தேன்க்கா. எழுதிப் பாத்தாத்தான் தெரியுது, சாயங்காலம் பசிக்கிறப்பதான் தோணுது" என்றான்.

போதையிலிருந்து மீள்பவர்களின் குழுக்களில் நெடுநாளாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஆசையைக் கடல் அலை என்று எடுத்துக்கொள்ளக் கற்பித்தார். அது ஏறும், உச்சிக்குப் போகும், எதுவும் செய்யாமல் இருந்தாலும் தானே இறங்கும். இறங்கும்வரை காத்திருக்கப் பழகுவதுதான் சிகிச்சையில் பெரும்பகுதி. அந்தப் பையன் அதைப் படித்ததில்லை. நாற்பது பக்க நோட்டில் அவனே கண்டுபிடித்துவிட்டான்.

அன்றிரவு நானும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எனக்குப் போதைப் பழக்கம் எதுவும் இல்லை. ஆனால் முதலாம் ஆண்டில் ஒரு பிறந்தநாள் விருந்தில், இரவு முழுக்கக் கண் விழித்துப் படிக்கலாம் என்று ஒரு மாத்திரை கைமாறி வந்தது. எடுக்கவில்லை. மருந்துப் படிப்புப் படிப்பதால் பயம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த மாத்திரை என்னவென்று தெரியாமலிருந்தால் எடுத்திருப்பேனா என்ற கேள்வியைத்தான் நோட்டில் எழுதினேன். பல நாள் எழுதிப் பார்த்ததில் தெரிந்தது இது. எனக்கு ஆர்வக்கோளாறு கிடையாது, கவலையை மறக்க எதையாவது தேடும் குணமும் கிடையாது. கிராமத்திலிருந்து வந்தவள் என்று நான்கு பேர் சிரித்துவிட்டால் மட்டும் எதற்கும் தலையாட்டிவிடுவேன். வேண்டாத சினிமாவுக்குப் போனது, பிடிக்காத ஒருத்தியைப் பற்றிக் கூடச் சேர்ந்து பேசியது, எல்லாமே அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்துதான். என்னை யாராவது வீழ்த்த நினைத்தால் எந்தப் பக்கமாக வர வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். இதை ஒவ்வொரு மாணவனும் தன்னளவில் தெரிந்துகொள்ள ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். அந்தப் பாடவேளையில் யாரும் யாருடைய நோட்டையும் வாங்கிப் பார்க்கக் கூடாது.

பெண்களைப் பற்றி இந்தப் பேச்சே வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் எல்லாமே 'பசங்க' பற்றித்தான். தூக்க மாத்திரைக்கும் இருமல் மருந்துக்கும் பழகிய பெண்களும் உண்டு, கடைக் கல்லாவில் நிற்பவர்களுக்கு அது தெரியும். வெளியில் தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்ற பயம் அவர்களை இன்னும் ஆழத்தில் ஒளித்து வைக்கிறது.

தன்னை அறிந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. என் பலவீனம் தெரிந்த பிறகு அதற்கு எதிரே நிறுத்த ஏதாவது வேண்டும். அதை நான் மாமாவிடம் பார்க்கிறேன். அந்த டெலிவரி பையன் போன பிறகு கடைப் பையன் சொன்னான், "ரெண்டு தெரு தள்ளிக் கேக்காமத் தர்றாங்கண்ணே. நாம குடுக்கலேன்னா அவன் வாங்காமலா இருக்கப் போறான்?" சீட்டில்லாமல் விற்றால் அட்டையில் போட்ட விலையைப்போலப் பல மடங்கு கிடைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். மாமாவுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பெரியவள் நர்சிங் சேரப் போகிறாள். மாமா நோட்டை மூடி வைத்துவிட்டு, "என் கையிலேருந்து போனது எங்க போய் முடியுதுன்னு எனக்குத் தெரியணும்ல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, ஷட்டரை இறக்கப் போய்விட்டார். நல்லொழுக்கம் என்று பள்ளியில் எத்தனையோ வகுப்பு எடுத்தார்கள். எனக்கு மனதில் நிற்பது இந்த ஒரு வாக்கியம்தான். சிரிப்புக்குப் பயந்து தலையாட்டத் தோன்றும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒரு மாமா வாய்ப்பதில்லை. ஊர் கூடி அந்த இடத்தை நிரப்ப முடியும் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 1998-ல் அங்கே 15, 16 வயது மாணவர்களில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையில் இருந்தவர்கள். 2016-ல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் 17-லிருந்து 7-ஆகவும், தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23-லிருந்து 3-ஆகவும் குறைந்தார்கள். சட்டத்தை இறுக்கினார்கள், உண்மைதான். அதைவிட முக்கியமாக, பிள்ளைகளின் மாலை நேரத்தை நிரப்பினார்கள். விளையாட்டு, இசை, நடனம் கற்றுக்கொள்ள அரசு பணம் கொடுத்தது, தலைநகரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கென்று ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கினார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்று பள்ளி வழியாக உடன்பாடு செய்துகொண்டார்கள். அது நான்கு லட்சம் பேர்கூட இல்லாத பணக்கார நாடு, நம்மால் முடியுமா என்று கேட்கலாம். அந்தப் பையனின் நோட்டில் இருந்ததும் சாயங்காலம் ஆறு மணிதான். எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தின் கேட்டை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். எட்டு மணி வரை திறந்து வைத்து, இரண்டு விளக்குப் போட்டு, கபடி சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை வைக்கப் பணக்கார நாடாக இருக்கத் தேவையில்லை.

கஞ்சாவையும் மாத்திரையையும் மட்டும் பேசிவிட்டு மதுவை விட்டுவிடவும் முடியாது. மத்திய சமூகநீதி அமைச்சகம் எய்ம்ஸ் வழியாக நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி 10 முதல் 75 வயதுக்குள் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி. நாட்டில் மிகப் பெரிய போதை எது என்பதில் சந்தேகமே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மதுக்கடையை அரசு நிறுவனமே நடத்துகிறது. 2023-ல் 500 கடைகளை மூடினார்கள், அதை வரவேற்கிறேன், மேலும் மூட வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரிக்கு நடந்து வரும் வழியில் கடை இருக்கும்போது உறுதிமொழியின் சொல்லுக்கு எடை குறைகிறது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சட்டவிரோதப் போதைப் பொருளுக்கு அடிமையான 20 பேரில் ஒருவர்தான் எப்போதாவது மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 19 பேரும் வராததற்குப் படுக்கை இல்லாதது ஒரு காரணம். வெளியே சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம் இன்னொரு காரணம் என்று கண்ணால் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வார்டில் அந்தப் பையன் ஒர்க் ஷாப் முதலாளியிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

நம் சட்டமே இந்தப் பயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது என்று பெயர் பெற்றது. விற்பவனுக்கு அது கடுமையாகத்தான் இருக்க வேண்டும். அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உள்ளது. போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் அவன்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. நாட்டின் சட்டம் கொடுக்கும் வாய்ப்பைப் பள்ளி, கல்லூரிகள் கொடுப்பதில்லை. பிடிபட்டவனுக்கும் டி.சி., தானாக வந்து சொன்னவனுக்கும் டி.சி. என்றால் யார் வந்து சொல்வார்கள்?

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, மதுவுக்குக் கணவரைப் பறிகொடுத்த பிறகு, 1980-ல் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த போதை மீட்பு மையம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடிப்பவரைக் குற்றவாளியாகவோ கேடுகெட்டவராகவோ பார்த்த காலத்தில், இது நோய், சிகிச்சை உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை என்று அவர் தொடங்கினார். அதன் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அவருக்கு அன்று தெரிந்தது எங்கள் நிர்வாகங்களுக்கு இன்றாவது தெரிய வேண்டும்.

நாங்கள் வகுப்பில் கையெழுத்து வாங்கி முதல்வரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். கேட்டது அதிகமில்லை. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 இரண்டையும் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். கவுன்சலிங் அறையை முதல்வர் அறைக்கு எதிரிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுங்கள். தானாக வந்து உதவி கேட்கும் மாணவனுக்கு டி.சி. கிடையாது, அவன் பெயர் கவுன்சலரைத் தாண்டிப் போகாது என்பதை எழுத்தில் கொடுத்து, ஆகஸ்ட் மாதம் உறுதிமொழி எடுக்கும்போது அதே மேடையில் வாசியுங்கள். கல்லூரிக்குள் விற்பவனுக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறோம். அவனைப் போலீசிடம்தான் கொடுக்க வேண்டும்.

முதல்வர் பொறுமையாகப் படித்தார். "மாட்டிக்கிட்டதும் நான் ட்ரீட்மென்டுக்குப் போறேன்னு சொல்லித் தப்பிச்சுக்குவாங்களேம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிச் சிலர் வரத்தான் செய்வார்கள். 64ஏ பிரிவிலேயே அதற்கும் வழி இருக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காதவனுக்குக் கொடுத்த பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்று அந்தப் பிரிவின் கடைசியில் எழுதியிருக்கிறார்கள். அதே நிபந்தனையை எங்களுக்கும் வையுங்கள் என்றோம். பொய் சொல்லி வருபவனும் சிகிச்சை முடியும்வரை வாராவாரம் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும், கையில் ஒரு நோட்டு கொடுத்து எழுதச் சொல்வார்கள். அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.